கிணத்துக்குள்ள தொங்கின போத்தல்

இந்த முறை அருள்மலருக்குத் தெரியாமல் ஒரு காரியத்தைச் செய்து முடிக்கிறது எண்டு முடிவெடுத்தன். இருபத்தைஞ்சு வருசக் குடும்ப வாழ்க்கையில இது எத்தினையாவது முடிவு எண்டு மட்டும் கேக்காதையுங்கோ. முடிவெடுக்கிறதில என்னில ஒரு குறையும் இல்லை. அதுக்குப் பிறகு நடக்கிறதுதான் கொஞ்சம் பிசகும்.

ஒருமுறை அவவின்ர பிறந்தநாளுக்கெண்டு சீலை ஒண்டு வாங்கி அலுமாரிக்கு மேல ஒளிச்சு வைச்சன். பிறந்தநாளுக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அதையே கட்டிக்கொண்டு வந்து, நிறம் நல்லாத்தான் இருக்கு, தலைப்புத்தான் கொஞ்சம் கட்டை எண்டு சொன்னா. இன்னொருமுறை பிள்ளையளுக்கெண்டு நாய்க்குட்டி ஒண்டைச் சேட்டுக்குள்ள மறைச்சுக் கொண்டு வந்தன். படலையைத் திறக்கிறன், வாசலில அதுக்குப் பாலும் சோறும் பிசைஞ்சு ஆறவைச்சிருக்கு. நாய்க்குட்டி அண்டைக்கே ஆரின்ர பக்கம் நிக்கிறது எண்டு விளங்கிக்கொண்டிட்டுது.

ஆனால் இந்த முறை விசயம் வேற. வாற சனிக்கிழமை எங்கட கலியாணத்துக்கு வெள்ளி விழா. கோயிலில பூசை, பிறகு வீட்டில கேக் வெட்டு. அதுக்கு ஒரு போத்தல் வேணும். ஏன் வேணும் எண்டு சொல்லாமல் உங்களுக்கு விளங்காது.

எங்கட கத்தோலிக்க ஆக்களின்ர கலியாணத்தில கேக் வெட்டினவுடன நுரைக்கிற வைன் போத்தல் ஒண்டை 'டப்' எண்டு திறக்கவேணும். ஆளுக்கொரு சின்னக் கிளாஸைத் தூக்கிப் பொம்பிளை மாப்பிளையை வாழ்த்தவேணும். அது இல்லாட்டி மோதிரம் மாத்தினாலும் மாமிமாருக்கு மனம் ஆறாது. நாங்கள் கலியாணம் கட்டின இரண்டாயிரமாம் ஆண்டில திருகோணமலையில சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. அருள்மலரின்ர அண்ணன் றிக்சன் அப்ப கொழும்பில வேலை. தங்கச்சிக்கெண்டு ஒரு போத்தல் வாங்கி, கைக்குழந்தை மாதிரி மடியில வைச்சுக்கொண்டு பஸ்ஸில வந்தான். ஊருக்குள்ள வாற கடைசிச் சாவடியில ஆமிக்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, திறந்து காட்டு எண்டு சொல்லியிருக்கிறான்.

கொழும்பில இருந்து குலுங்கிக் குலுங்கி வந்த போத்தல். கம்பியைக் கழட்டினதுதான் தாமதம், மூடி வெடிச்சுப் பறந்தது. ஆமிக்காரர், பஸ்ஸால இறங்கின சனம், கச்சான் கடலை வித்த மனிசி, பஸ் றைவர் எல்லாரும் ஒரே நேரத்தில நிலத்தில படுத்திட்டினம். நடுவில றிக்சன் மட்டும் நுரையில குளிச்சுக்கொண்டு கையை உயத்திக்கொண்டு நிண்டிருக்கிறான். அவனை விசாரிச்சு விடேக்க போத்தலில ஒரு சொட்டும் இல்லை. எங்கட கலியாணத்துக்குக் கிளாஸில வாத்தது சிவப்புச் சோடா.

அருள்மலர் இந்தக் கதையைப் போற கலியாண வீடெல்லாம் சொல்லிச் சிரிப்பா. என்ர கலியாணப் போத்தல் வெடிச்ச சத்தம் ஊரெல்லாம் கேட்டது, எனக்கு மட்டும்தான் கேக்கேல்ல எண்டு முடிப்பா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பினம். ஆனால் அந்த வீட்டுப் போத்தல் வெடிக்கிற நேரம் நான் பக்கத்தில நிண்டு அவவின்ர முகத்தைப் பாத்திருக்கிறன். அதில பகிடி ஒண்டும் இல்லை.

அதுதான் இந்த முறை அந்தச் சத்தத்தை அவவுக்கு வாங்கிக் குடுக்கிறது, அதுவும் அவ எதிர்பாராத நேரத்தில குடுக்கிறது எண்டு முடிவெடுத்தன்.

வைன் எண்டால் எனக்குத் தெரியாத விசயம் இல்லை. நிலாவெளியில ஒரு ஹோட்டலில நான் ஸ்ரோர் கீப்பர். இத்தாலிப் போத்தல் எது, பிரான்ஸ் போத்தல் எது, ஸ்பெயின் போத்தல் எது எண்டு கண்ணைக் கட்டிவிட்டாலும் கழுத்தைத் தடவிச் சொல்லுவன். எண்ணியிருக்கிறன், அடுக்கியிருக்கிறன், தூசு தட்டியிருக்கிறன். குடிச்சதுதான் இல்லை. முதலாளிக்கு அது பிடிக்காது.

றிக்சன் இப்ப பாரிசில. வெள்ளி விழாவுக்கு வாறன் எண்டு போன் எடுத்தவன், மச்சான், இஞ்சயிருந்து நல்ல போத்தல் ஒண்டு கொண்டு வரட்டோ எண்டு கேட்டான். நீ கொண்டு வந்த வரைக்கும் காணும் எண்டு சொல்லிப்போட்டன். அவன் சிரிச்ச சிரிப்பு எனக்குப் பிடிக்கேல்ல. பாரிசில இருக்கிறவன் நாக்கைச் சுழட்டிக்கொண்டு வந்து இதென்ன வைன் எண்டு கேக்கக் கூடாது. அப்பிடி ஒரு போத்தல் எடுக்கிறது எண்டு அண்டைக்கே நினைச்சன்.

புதன்கிழமை பின்னேரம் ரவுணில கஜீபன்ர கடைக்குப் போனன். கஜீபன் எங்கட பங்குப் பொடியன்தான், வைன் கடை நடத்திறான். நுரை வரவேணும், சத்தமும் வரவேணும் எண்டு சொன்னன். முதல் மேல் தட்டில இருந்த உண்மையான சாம்பேனை எடுத்து வைச்சான். விலைச் சீட்டைப் பாத்தன். அந்தக் காசுக்குப் போத்தலோட சேத்து அதைச் செய்த ஆளையும் வீட்டுக்குக் கூட்டிவரலாம். பேசாமல் கீழ்த் தட்டைக் காட்டினன்.

கீழ்த் தட்டில ஸ்பெயினும் இத்தாலியும் நிண்டது. அதே நுரை, அதே மூடி, அதே சத்தம், எங்களைப் போல ஆக்களுக்கு எட்டுற விலை. பாக்க வேண்டியது லேபலில இருக்கிற சொல்லைத்தான். பிறட் எண்டு போட்டிருந்தால் இனிப்பு இல்லை. எக்ஸ்ட்ரா டிறை எண்டு போட்டிருந்தால் ஆள் ஏமாந்திடக் கூடாது, அது பிறட்டை விடக் கொஞ்சம் இனிக்கும். டெமி செக் எண்டால் வடிவா இனிக்கும். மொஸ்காட்டோ எண்டால் பழவாசம், நல்ல இனிப்பு, வெறியும் குறைவு, விலையும் குறைவு. இதெல்லாம் நான் கஜீபனுக்குச் சொன்னன். அவன் பொறுமையாக் கேட்டான்.

"அப்ப மொஸ்காட்டோவை எடுங்கோ சேர்," எண்டான். "கேக்கோடதானே குடிக்கப்போறியள். கேக் இனிப்பு. அதுக்குப் பிறகு பிறட் குடிச்சால் தேசிக்காய் சப்பின மாதிரி இருக்கும். ஒரு பிறட்டின்ர காசுக்கு மொஸ்காட்டோ ரெண்டு வரும். அன்ரிக்கும் இனிப்புத்தானே பிடிக்கும்."

அது உண்மைதான். அருள்மலரின்ர தேத்தண்ணிக்குச் சீனி போட்டால் கரண்டி நட்டமா நிக்கும். ஆனால் எங்கட ஹோட்டலில ஒரு வெள்ளைக்காரன் இனிப்பு வைனைத் திருப்பி அனுப்பினதை நான் கண்ணால கண்டனான். றிக்சனும் அப்பிடித்தான் செய்வான். நான் ஸ்ரோர் கீப்பர், எனக்குத் தெரியும் எண்டு சொல்லித் தங்கத்தாள் சுத்தின பிறட் ஒண்டை எடுத்தன். என்ர மூக்குக்கண்ணாடியை மாத்தவெண்டு வைச்சிருந்த காசு அதோட சரி. கண்ணாடிக்கு என்ன அவசரம், பழசிலயும் பாதி உலகம் தெரியுதுதானே. வெளியால வர, எங்கட ரவுணில மாடு மாதிரி ரோட்டில திரியிற மானில ஒண்டு வந்து பையை மணந்து பாத்திட்டு மூஞ்சையைத் திருப்பிக்கொண்டு போனது. அப்பவே யோசிச்சிருக்கவேணும்.

இனி அதை ஒளிக்கவேணும். ஒளிச்சால் மட்டும் காணாது, குளிரவும் வைக்கவேணும். நுரைக்கிற வைனைச் சூட்டோட திறந்தால் பாதி நிலத்துக்குப் போயிடும், றிக்சனைக் கேட்டால் சொல்லுவான். எங்கட வீட்டுப் பிரிட்ஜுக்குள்ள வைக்க ஏலாது. அதுக்குள்ள ஒரு முட்டை இடம் மாறினாலும் அருள்மலருக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அஸீமிட்டப் போனன். அஸீம் துறைமுகத்தில போட் என்ஜின் திருத்திறவர், எங்களுக்கு ஒரு மதில்தான் நடுவில. விசயத்தைச் சொன்னன். அவர் கையில கிடந்த கிறீஸை வடிவாத் துடைச்சார்.

"அண்ணன், உங்களுக்கு உசிரக் கேட்டாலும் தருவன்," எண்டார். "பிரிட்ஜ மட்டும் கேக்காதீங்க."

நியாயம்தான். நான் அதைக் கேட்டிருக்கவும் கூடாது. ஆனால் திரும்பி வரேக்கதான் மதிலுக்கு நடுவில கிடந்த கிணறு கண்ணில பட்டுது. எங்கட கிணறு பங்குக் கிணறு. பாதி எங்கட வளவில, பாதி அவையின்ர வளவில. ரெண்டு பக்கமும் மோட்டர் பூட்டினாப் பிறகு ஒருத்தரும் அதுக்குள்ள எட்டிப் பாக்கிறேல்ல. தண்ணியெண்டால் பல்லுக் கூசும், அவ்வளவு குளிர்.

அடுத்தநாள் விடியக் காலமை அருள்மலர் குசினியில நிண்ட நேரம், மீன்பிடிக்கிற தங்கூசி நூலைப் போத்தலின்ர கழுத்தில கட்டி மெல்ல மெல்லக் கிணத்துக்குள்ள இறக்கினன். மற்ற நுனியை எங்கட பக்கத்து மோட்டர்க் குழாயில முடிஞ்சன். தங்கூசி கிட்ட நிண்டாலும் கண்ணுக்குத் தெரியாது. எனக்கே என்னில ஒரு மரியாதை வந்திட்டுது. நிலாவெளி பஸ்ஸில வழி முழுக்கச் சிரிச்சுக்கொண்டு போனன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு வந்து படலையைத் திறந்தன். வளவெல்லாம் ஈரம், குளோரின் மணம். கிணத்தடியில சேறு குவிஞ்சு கிடக்குது. றிக்சன் மத்தியானமே வந்திட்டான். அவனும் அஸீமும் மதிலடியில நிண்டு என்னவோ சொல்லிச் சிரிச்சுக்கொண்டு நிண்டவை, என்னைக் கண்டதும் ரெண்டு பேரும் வானத்தைப் பாத்தினம். அருள்மலர் கை கழுவிக்கொண்டு நிண்டா.

"என்ன, கிணறு இறைச்சனீங்களோ?"

"ஓம். அண்ணா வந்திருக்கிறார், விசேசம் வருது. தண்ணி சுத்தமா இருக்க வேணாமே."

"உள்ளுக்க ஏதும் கிடந்ததோ?"

"என்னத்தைத் தேடுறியள்?"

"இல்லை, தவளை கிவளை."

"ஒண்டு கிடந்தது. எடுத்து விட்டாச்சு. நீங்கள் போய் மேலைக் கழுவுங்கோ."

அவ குசினிக்குள்ள போனதுதான், ஓடிப்போய் தங்கூசியை ஒருக்கால் மெல்ல இழுத்துப் பாத்தன். கனமா இருந்தது. போன உயிர் திரும்பி வந்திட்டுது. அருள்மலருக்கும் ஒருநாள் கண் மறைச்சிருக்கு எண்டு நினைக்க எனக்கு அவவில பரிதாபமாக் கூட இருந்தது.

சனிக்கிழமை பூசை முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்கு வந்தினம். பாதர் வந்தார், மாமிமார் வந்தினம், அஸீமும் மனிசி ஸுல்பிகாவும் வந்தினம். அருள்மலர் வெள்ளிக்கரைச் சீலை கட்டியிருந்தா. இருபத்தைஞ்சு வருசத்துக்கு முதல் கட்டின நேரத்தை விட வடிவா இருந்தா. அதைச் சொல்ல வெக்கம், கேக் வெட்டுற கத்தியை எடுத்துக் குடுத்தன். கேக் வெட்டி முடிய, ஒருக்கால் வாறன் எண்டு பின்னுக்குப் போய்ப் போத்தலை இழுத்து எடுத்தன். குளிர்ந்து போய், தங்கத்தாள் மினுங்க வந்தது. லேபல் மட்டும் ஊறிக் கழண்டிட்டுது. றிக்சனுக்குக் காட்டத்தான் அந்த லேபல், அதுதான் கொஞ்சம் கவலை.

போத்தலை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கொண்டு வந்து அருள்மலருக்கு முன்னால நிண்டன். கம்பியைக் கழட்டினன். மூடியைத் திருகினன்.

டப்.

மூடி கூரைச் சீற்றில அடிச்சு, பாதரின்ர கதிரைக்குப் பக்கத்தில விழுந்தது. ஒருத்தரும் நிலத்தில படுக்கேல்ல. எல்லாரும் கை தட்டினவை. நான் அருள்மலரைத்தான் பாத்தன். அவ கையால வாயைப் பொத்திக்கொண்டு நிண்டா. கண் ரெண்டும் நிறைஞ்சு போச்சுது. கேட்டுதோ எண்டு கேட்டன். ஓம் எண்டு தலையை ஆட்டினா. எனக்கும் கண் கலங்கினது, நுரை பட்டிட்டுது எண்டு சொல்லித் துடைச்சன்.

ஆளுக்கொரு சின்னக் கிளாஸில அடி நனையிற அளவுக்கு வாத்தன். பாதர் குடிச்சிட்டு நல்லா இருக்கு எண்டார். றிக்சன் கிளாஸை வெளிச்சத்தில தூக்கிப் பாத்து, மணந்து பாத்து, ஒரு மிடறு குடிச்சுக் கண்ணை மூடினான். எந்த நாட்டுச் சரக்கு மச்சான் எண்டு கேட்டான். இதுக்குத்தானே நான் இவ்வளவு பாடுபட்டது. கிளாஸின்ர காலைப் பிடிக்கிற விதத்தில இருந்து தொடங்கினன். பிறட் எண்டால் என்ன, இனிப்பு ஏன் கூடாது, நுரை சின்னதா வந்தால் என்ன தரம், எல்லாம் விளங்கப்படுத்தினன். மாமி ஒராள், இனிக்குதே தம்பி எண்டா. உயர்ந்த பிறட்டில கடைசியா ஒரு இனிப்பு நாக்கில தட்டும், பழகின நாக்குக்குத்தான் அது தெரியும் எண்டு சொன்னன். மாமிக்குச் சந்தோசம்.

அப்பதான் கண்டன். அஸீம் ஒரு கிளாஸை எடுத்து வாய்க்குக் கிட்டக் கொண்டு போறார். பிரிட்ஜையே தராத மனிசன். பாய்ஞ்சு போய்க் கையைப் பிடிச்சன்.

"அஸீம், வேணாம். இது வைன்."

"பரவாயில்ல அண்ணன். உங்கட சந்தோசத்துக்கு," எண்டு சொல்லிப் பிஸ்மி சொல்லிக் குடிச்சார். ஸுல்பிகாவும் குடிச்சா. குடிச்சிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சா.

எனக்கு அந்த இடத்திலயே நிலம் பிளந்தால் நல்லம் போல இருந்தது. என்ர போத்தலால ஒரு நல்ல குடும்பம் வழி தவறிப் போச்சு. அந்தக் கவலைக்கு, போத்தலில மிச்சம் இருந்ததை நானே வாத்துக் குடிச்சன். பேந்தும் கொஞ்சம் வாத்தன். கொஞ்ச நேரத்தில தலை லேசா வந்திட்டுது. கதிரை மெல்ல ஆடுற மாதிரி இருந்தது. றிக்சனைக் கட்டிப்பிடிச்சு, சாவடியில நீ கையை உயத்திக்கொண்டு நிண்டதை நான் மன்னிச்சிட்டன் எண்டு சொன்னன். பாதரிட்ட, நான் இப்ப பூசை ஒண்டு பாடுவன் எண்டும் சொன்னதாகக் கேள்வி. அருள்மலர் வந்து தோளில பிடிச்சுக் கதிரையில இருத்தி, தேசிக்காய்த் தண்ணி தந்தா. கொஞ்சம் கூடிப்போச்சு, வெறிச்சிட்டுது, மன்னிச்சுக்கொள்ளும் எண்டு சொன்னன். ஓமப்பா, தெரியுது எண்டு சொன்னா.

வந்தவை எல்லாம் போக, குசினியில நானும் அருள்மலரும் றிக்சனும்தான். நான் தலையைப் பிடிச்சுக்கொண்டு அஸீமின்ர விசயத்தைச் சொல்லி அழாக்குறையா இருந்தன். அவர் முகத்தில நான் இனி எப்பிடி முழிக்கிறது.

"நல்லா முழிக்கலாம்," எண்டா அருள்மலர். "அது அவை வாங்கித் தந்த போத்தல்தானே."

நான் தலையைப் பிடிச்ச கையை எடுத்தன்.

வியாழக்கிழமை நான் வேலைக்குப் போக, கரண்ட் நிண்டிட்டுதாம். மோட்டர் ஓடேல்ல. ஸுல்பிகா வாளியை விட்டுத் தண்ணி அள்ளினாவாம். வாளியோட சேந்து தங்கத்தாள் சுத்தின போத்தல் மேல வந்திருக்கு. அந்தப் பிள்ளை ஒரு சத்தமும் போடேல்ல. தங்கூசியை அவிட்டு, போத்தலைத் துணியால சுத்திக்கொண்டு வந்து, அக்கா, உங்கட சாமான் எங்கட வாளியில வந்திட்டுது எண்டு நீட்டினாவாம். அருள்மலருக்கு உடன விளங்கிட்டுது, எனக்குத்தான் இப்ப விளங்கினது. அந்தத் தண்ணியிலதான் அவை அஞ்சு நேரத் தொழுகைக்கும் கை, கால், முகம் கழுவுறது. நான் அதுக்குள்ள வைன் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறன். பிரிட்ஜைக் கேட்டதே பிழை எண்டு தெரிஞ்ச எனக்குக் கிணறு ஞாபகம் வரேல்ல. வெறி எல்லாம் எங்க போச்சோ தெரியாது.

"நான் மன்னிப்புக் கேட்டிட்டன்," எண்டா. "அவை பரவாயில்லை, போத்தல் மூடித்தானே கிடந்தது எண்டவை. எனக்கு மனம் கேக்கேல்ல, காசு குடுத்துக் கிணத்தை இறைச்சுக் கழுவினனான். நீங்களும் நாளைக்குப் போய்க் கதைக்கவேணும்."

"போறன். ஆனால் அப்ப நான் வெடிச்சது?"

"திராட்சைச் சாறு. அவையின்ர கலியாணங்களில அதுதானாம் வெடிக்கிறது. நுரைக்கும், மூடியும் பறக்கும், வெறி மட்டும் இல்லை. உங்கட ஆசையைக் கெடுக்க ஏலாது, கிணத்துக்குள்ள வைனும் விட ஏலாது எண்டு யோசிச்சுக்கொண்டு நிக்க, ஸுல்பிகாதான் வாங்கிக்கொண்டு வந்தவ. லேபலை நான்தான் ஊறவைச்சுக் கழட்டி, உங்கட தங்கூசியிலயே கட்டித் திரும்ப இறக்கினனான். பழைய கண்ணாடியால மற்றது ஒண்டும் தெரியாது எண்டு தெரியும்."

றிக்சன் சுவரைப் பாத்துக்கொண்டு குலுங்கினான். பிறட்டுக்கு என்ன நடந்தது எண்டு கேட்டன். அவனைக் கஜீபனிட்ட அனுப்பி மாத்தினதாம். நான் குடுத்த காசுக்கு மொஸ்காட்டோ ரெண்டு வந்ததாம். அதில ஒண்டை வேணாம் எண்டு சொல்லி, அந்தக் காசை என்ர மூக்குக்கண்ணாடிக்கு முற்பணமாக் கட்டிட்டாவாம், திங்கக்கிழமை போய் எடுக்கட்டாம்.

"எல்லாம் தெரிஞ்சுகொண்டு, டப் எண்ட நேரம் ஏன் அழுதனீர்?"

பிரிட்ஜைத் திறந்து, முட்டைத் தட்டுக்குப் பின்னால கிடந்த மொஸ்காட்டோவை எடுத்து மேசையில வைச்சா.

"சத்தம் வரும் எண்டு தெரியும்," எண்டா. "அந்த நேரம் நீங்கள் போத்தலைப் பாக்காமல் என்னைப் பாத்துக்கொண்டு நிப்பியள் எண்டு தெரியேல்ல."

எவ்வளவு தோத்தாலும் அந்த ஒரு இடத்தில நான் வெண்டிருக்கிறன். ஸ்ரோர் கீப்பர் மாதிரி நெஞ்சை நிமித்திக்கொண்டு இருந்தன். அவ மூடியைத் தானே திருகித் திறந்தா. நல்ல பழவாசம் வந்தது. அண்ணனுக்கு ஒரு கிளாஸ் வாத்தா, தனக்கு ஒண்டு வாத்தா, ஒரு மிடறு குடிச்சு, கேக் துண்டையும் கடிச்சு, ஆ, இதுதான் வைன் எண்டு சொன்னா. நானும் கிளாஸை நீட்டினன். அவ போத்தலை மூடிப் பிரிட்ஜுக்குள்ள வைச்சா.

"உங்களுக்கு வேணாமப்பா. திராட்சைச் சாறே தலைக்கு ஏறிட்டுது."